ஏழாம் காம்பராவில் இரண்டு அடுப்பு

எனக்குக் கம்பியூட்டர் தெரியும் என்று பதுளையில் ஒரு அலுவலகம் நம்பியது. நானும் மறுத்துப் பேசவில்லை. ஒரு வருட டிப்ளோமா சான்றிதழ் கையில் இருந்தது, அதில் புரோகிராமிங் என்ற சொல்லும் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எனக்கு எவ்வளவு தெரியும் என்று சான்றிதழில் எழுதுவதில்லை. நல்லவேளை.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக ஞாபகமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குத் தனி வீடு கட்டிக்கொள்ளத் துண்டு நிலம் பிரித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அது நடத்திக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் வெளி வேலைக்குப் போகிற பிள்ளைகள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, குடும்பத்துக்கு ஒரு படிவம், போம் என்போம், நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் நான் கம்பியூட்டரில் ஏற்றிக் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பட்டியல் போட்டுத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். பட்டியலில் பேர் இருந்தால் நிலம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் தோட்டமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. ஹாலிஎலவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. காம்பரா என்றால் ஒரே ஒரு அறை, அதற்கு முன்னால் திண்ணை மாதிரி ஒடுக்கமாக ஒரு இஸ்தோப்பு. ஏழாம் காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பதுளையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான் சனிக்கிழமையானால் ஏழாவது ஆளாகப் போய்ச் சேருவேன்.

காம்பரா ஒன்றானாலும் அடுப்பு இரண்டு. அம்மாவின் அடுப்பு உள்ளே, அண்ணியின் அடுப்பு இஸ்தோப்பில். நடுவே திறந்தே கிடக்கும் கதவில் ஒரு பழைய சேலை தொங்கும். அண்ணன் கல்யாணம் முடித்த ஆறாம் மாதம் தனி அடுப்பு வைத்தார்கள். அதில் கோபதாபம் ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் உள்ளே ஒரு தடவையும் இஸ்தோப்பில் ஒரு தடவையும் சொல்ல வேண்டும். ஒரு அடுப்புக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மற்ற அடுப்பு அந்தக் கல்யாணத்துக்குப் போகாது. போம் நிரப்ப வந்தவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என்பதால் அடுப்புக்கு ஒன்றாக ஒழுங்காக நிரப்பினார்கள். ஏழாம் காம்பராவுக்கு இரண்டு போம். அப்பா தன்னுடையதில் கையெழுத்துப் போட்டார், அண்ணன் தன்னுடையதில் போட்டான். இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அலுவலகப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் சேர் என்போம். ஒருநாள் காலை ஆறு பக்க ஆங்கிலக் காகிதக் கட்டொன்றை என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இனி சீடீயில எழுதி பஸ்ஸில குடுத்து விடுற வேலை வேண்டாமாம். இன்டர்நெட்டால நேர அனுப்பட்டாம். செய்வீர்தானே?"

"செய்யலாங்க சேர்" என்றேன். அந்த ஆறு பக்கத்தில் முதல் பக்கத்தின் முதல் வரியே எனக்கு விளங்கவில்லை.

விளங்கிய மட்டும் சொல்கிறேன். என் கம்பியூட்டரிலிருந்து கொழும்புச் சர்வருக்கு ஒரு கோரிக்கை போக வேண்டும். ரிக்வெஸ்ட் என்பார்கள். அதற்குத் தலைப்பகுதி ஒன்று, உடல் ஒன்று. தலைப்பகுதி கடித உறை மாதிரி, யாருக்குப் போகிறது, உள்ளே இருப்பது என்ன வகை என்று அதில் எழுத வேண்டும். உடல் என்பது உள்ளே இருக்கும் கடிதம். அந்தக் கடிதத்தை நம் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. ஜேசன் என்ற ஒழுங்கில் எழுத வேண்டும்: ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதன் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு விவரம். சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சுருள் அடைப்புக்குள் போட வேண்டும். அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு வரலாம். ஒரு லயத்துக்கு ஒரு கோரிக்கை, லயத்துக்குள் காம்பராக்கள், காம்பராவுக்குள் குடும்பம். கையால் எழுதத் தேவையில்லை. பி.எச்.பி. மொழியில் எல்லாவற்றையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து ஒரு கட்டளை கொடுத்தால் அதுவே ஜேசனாக எழுதிவிடும்.

இவ்வளவு தெளிவாக இப்போது சொல்கிறேன். அப்போது மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அனுப்புவேன், சர்வர் பதில் சொல்லும்: உடல் வெறுமையாக இருக்கிறது. திரும்ப அனுப்புவேன், அதே பதில். என் பக்கத்திலிருந்து போவதை நான் பார்க்கிறேன், அங்கே ஒன்றுமே வரவில்லை என்கிறார்கள். நடுவில் எங்கே போகிறது? பதுளைக்கும் கொழும்புக்கும் நடுவில் எத்தனையோ மலை இருக்கிறது, எதிலாவது முட்டிக்கொண்டு விழுகிறதா? மூன்று நாள் இப்படி. மூன்றாம் நாள் அழுகை வந்துவிட்டது, கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கொழும்பில் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள இளைஞர். அவரை நான் நேரில் பார்த்ததேயில்லை, குரல் மட்டும் தெரியும். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம் பேசுவார். என் சிங்களம் பதுளைச் சந்தையில் மரக்கறி வாங்கிப் படித்த சிங்களம். தலைப்பகுதியில் உள்ளே இருப்பது ஜேசன் என்று எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்று பச்சைப் பொய் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டு, அப்படி எழுத வேண்டும் என்று அந்த ஆறு பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நாலாம் பக்கத்தில் இருந்தது. ஒரு வரி. அதைப் போட்டதும் உடல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த குழப்பம் உடனே வந்தது. அனுப்பிய உடலை ஒரு கோப்பில் எழுதவைத்துத் திறந்து பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்தைக் காணவில்லை. அத்தனை பெயரும் சாய்கோடு, ஆங்கில யூ, அதன் பின்னால் எண்களும் எழுத்துகளும் என்று மாறிப் போயிருந்தன. 'ம' என்ற எழுத்து 0bae என்று நின்றது. ஊர்ச் சனத்தின் பெயரையெல்லாம் நாசமாக்கிவிட்டேனே என்று பதறிப்போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தேன். அந்த இளைஞர் சிரித்தார். அது மனிதர் படிக்க எழுதியதில்லை, சர்வர் படித்துக்கொள்ளும், இங்கே தமிழாகவே தெரிகிறது, கவலைப்படாதே என்றார். மனிதர் படிக்க எழுதியதில்லை என்றதும் நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த உடலை நான் திறந்து பார்க்கவே இல்லை. எத்தனை சேர்ந்தது என்று சர்வர் சொல்லும் எண்ணை மட்டும் பார்ப்பேன்.

எங்கள் லயத்தை அனுப்பிய அன்று சர்வர் சொன்ன பதில்: பத்து சேர்ந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் லயத்துக்குப் பத்துக் கதவு. சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஓடிய கதவுகள். வேறு ஊர்ப் பிள்ளை யாராவது அந்த வேலையைச் செய்திருந்தால், கையில் எத்தனை போம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருப்பாள். நான் எண்ணவில்லை. லயத்தைத் தெரிந்தவளுக்கு எதற்கு எண்ணிக்கை? நேரே சேரிடம் ஓடினேன்.

"பத்துக் காம்பரா, பத்தும் போயிருச்சுங்க சேர்."

"எல்லாம் போய்ச் சேர்ந்திட்டுதோ?"

"ஆமாங்க சேர். நல்லாப் பார்த்துட்டேன்."

சேர் கீழே கடைக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் மீன் வைத்த மாலு பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே மற்றத் தோட்டங்களையும் அனுப்பி முடித்தேன். எல்லா லயத்துக்கும் கதவுகளும் எண்ணிக்கையும் சரியாக இருந்தன.

ஒரு மாதத்தில் பட்டியல் வந்தது. அந்தந்தத் தோட்டத்துப் புள்ளக் காம்பராவில், அதாவது கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், சுவரில் ஒட்டினார்கள். பேர் விடுபட்டவர்கள் இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளுக்குள், வந்து சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நிலம் அளப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்று கீழே எழுதியிருந்தது.

முதலில் வந்தவர் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு முதியவர். கோட்டுப் போட்டு, குடையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். மகன் பேர் இருக்கிறது, தன் பேர் இல்லை என்றார். கம்பியூட்டரில் பார்த்தேன். கொழும்பிலிருந்து வந்த பட்டியலில் உண்மையிலேயே மகன் மட்டும்தான் இருந்தான்.

"ஒங்க மகன்தாங்க தனியா எழுதிக் குடுத்திருப்பாரு. வீட்டுல கேட்டுப் பாருங்க" என்றேன்.

"அவன் அப்பிடிச் செய்ய மாட்டாங்களே" என்றார்.

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

முதலில் வந்தவரே அவர்தான். எல்லாரும் எங்கே சொன்னார்கள்? ஆனால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாயில் வந்தது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். போம் கட்டை எடுத்து ஒருதரம் புரட்டிப் பார்த்திருக்கலாம், அலுமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். லயத்துக்கு வரும் படியில் கால் வைக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. எங்கள் அம்மா கத்துகிற ஆள் இல்லை. முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவள், மூச்சைச் செலவழிக்கத் தெரியாது. அவள் இஸ்தோப்பில் நின்று லயமே கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தன தொர வந்தாங்க, எத்தன தொர போனாங்க! ஒரு தொரகூட எம்பேர வெட்டல. மொனராகலயில இருந்து வந்தவ வெட்டிட்டா!"

தொர என்றால் தோட்டத்தை நடத்தும் துரை. தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நிறுத்துவது. அதைவிடக் கேவலம் அங்கே கிடையாது. அண்ணியின் பிறந்த வீடு மொனராகலைப் பக்கம், இறப்பர் தோட்டம். அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் அண்ணிக்கு அந்த ஊர் பேராகிவிடும்.

விஷயம் இதுதான். காலையில் அப்பா புள்ளக் காம்பராச் சுவரில் பட்டியலைப் பார்த்திருக்கிறார். ஏழாம் காம்பரா என்ற இடத்தில் அண்ணன் பேர் மட்டும் இருந்தது. அவர் வந்து படுத்துவிட்டார். அண்ணன் எங்கேயோ வெளியில் போய்விட்டான். அண்ணி அடுப்பில் சோற்றுப் பானையை வைத்துவிட்டுத் தலை குனிந்து குந்தியிருந்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் அந்தச் சேலைத் திரைக்குப் பின்னாலேயே கிடக்க வேண்டுமா? என் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"என்னங்க அண்ணி இது? போம் நெரப்ப வந்தவங்ககிட்ட என்னா சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. மாமா ஒரு போம்ல கையெழுத்துப் போட்டாரு. ஒங்க அண்ணன் ஒரு போம்ல போட்டாரு. நான் தேத்தண்ணிதான் ஊத்திக் குடுத்தேன்."

"அப்ப பேரு எங்க போச்சு? கால் மொளச்சு நடந்து போச்சா?"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒங்க ஆபிஸ்தானே அனுப்புச்சு? ஒங்களுக்குத்தானே தெரியணும்?"

"எங்க ஆபிஸ்ல தப்பு நடக்காது" என்றேன். "அனுப்புனதே நான்தான்."

அதைக் கேட்டதும் அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உள்ளே போனாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அண்ணியின் அடுப்பில் கவிழ்த்தாள். புஸ்ஸென்று புகை கிளம்பி இஸ்தோப்பு முழுக்க அடைத்தது. சாம்பலும் தண்ணீரும் வழிந்து முற்றத்துக்குப் போயின. பானையில் சோறு அரை வேக்காட்டில் நின்றுவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அழுதன. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது என்றால் எங்கள் பக்கத்தில் நீ செத்துப் போ என்பதற்குச் சமம். நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன், தடுக்கவில்லை. உள்ளுக்குள் நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் போம் கட்டை எடுத்தேன், அண்ணியின் கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க. ஏழாம் காம்பராவுக்கு இரண்டு போம் இருந்தது. ஒன்றில் அப்பாவின் கோணல் கையெழுத்து.

அண்ணி சொன்னது உண்மை. அப்படியானால்? நான் கம்பியூட்டரில் ஏற்றாமல் விட்டுவிட்டேனா? பார்த்தேன், இரண்டும் ஏற்றியிருந்தேன். அப்படியானால் கொழும்பில்தான் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்த இளைஞருக்கு எடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியையும் தெரியாததில் பாதியையும் சேர்த்துச் சத்தம் போட்டேன். எங்கள் சனம் என்றால் உங்களுக்கு இளக்காரமா என்றுகூடக் கேட்டேன். அவர் பொறுமையாக, நீ அனுப்பிய உடலை அப்படியே திருப்பி அனுப்புகிறேன், நீயே பார் என்றார்.

வந்தது. சாய்கோடும் யூவும் எண்ணுமாக இரண்டு பக்கம். மனிதர் படிக்க எழுதியதில்லை. ஆனாலும் படித்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் அப்பாவின் பெயரை எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் எண்ணைத் தேடிப் போட்டேன். காலையில் தொடங்கிய வேலை, மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. பிறகு அந்த எண் வரிசையை உடலுக்குள் தேடும்படி கம்பியூட்டருக்குச் சொன்னேன். இல்லை என்றது. எழுத்துப் பிழையோ என்று திரும்பப் போட்டேன். இல்லை. அண்ணன் பெயரை அதே மாதிரி மாற்றித் தேடினேன். உடனே காட்டியது. ஏழு, முக்காற்புள்ளி, அடைப்பு, அண்ணன்.

நான் அனுப்பியதிலேயே அப்பா இல்லை. இங்கே இருக்கிறார், அங்கே போகும்போது இல்லை. பி.எச்.பி. தின்றுவிட்டதா? என் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. தப்பு எழுதியவளுக்கு எப்போதும் சரியாகத்தான் தெரியும். கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்து, கம்பியூட்டர் செய்வதை நானே கையால் செய்து பார்த்தேன். முதல் போமை எடு, காம்பரா நம்பரைப் பார், அந்த நம்பர் போட்ட இடத்தில் வை. அடுத்த போமை எடு. ஏழாம் நம்பர், அப்பா. ஏழு என்ற இடத்தில் அப்பாவை எழுதினேன். அடுத்த போம், ஏழாம் நம்பர், அண்ணன். ஏழு என்ற இடத்தில்...

பேனா அப்படியே நின்றது. அந்த இடத்தில் ஏற்கெனவே அப்பா இருந்தார். அண்ணனை வைக்க வேண்டுமென்றால் அப்பாவை அழிக்க வேண்டும். கம்பியூட்டர் கேள்வி கேட்காமல் அழித்திருந்தது.

காம்பரா நம்பரை நான் குடும்பத்தின் அடையாளமாக வைத்திருந்தேன். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், மேல் லயம், ஏழாம் நம்பர் என்று. ஆனால் அதே ஏழாம் நம்பருக்குள் இரண்டு அடுப்பு எரிகிறது என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வெளிவேலைக்குப் போன பிள்ளைகள் மறக்கவில்லை. கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் மறப்பதில்லை. அந்த இரண்டு அடுப்பிலும் தின்று வளர்ந்த நான்தான் மறந்தேன். எந்தக் காம்பராவிலும் பெரியவரின் போம்தான் முதலில் இருக்கும், மகனுடையது அதற்குக் கீழே. ஆகவே எல்லா லயத்திலும் அப்பாமார்தான் அழிந்திருந்தார்கள். கோட்டுப் போட்ட அந்த முதியவர் படியிறங்கிப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திருத்தம் இரண்டு எழுத்து. அந்த வரியில் ஒரு சதுர அடைப்பைத் திறந்து மூடினால் போதும். ஒரு நம்பருக்கு ஒரு குடும்பம் என்பது போய், ஒரு நம்பருக்குள் எத்தனை குடும்பம் வந்தாலும் வரிசையாகச் சேரும். ஆனால் கொழும்புச் சர்வரும் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே. இளைஞருக்கு எடுத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. ஒரு நம்பர் என்றால் ஒரு அறைதானே, ஒரு அறைக்குள் எப்படி இரண்டு குடும்பம் என்றார். அடுப்பு இரண்டு என்றேன். இப்படி எத்தனை என்று கேட்டார். போம் கட்டைப் பார்த்துச் சொன்னேன். அன்று பின்னேரமே மாற்றித் தருகிறேன் என்றார், மாற்றியும் தந்தார்.

திரும்ப அனுப்பினேன். எங்கள் லயத்துக்குச் சர்வர் சொன்னது: பதினேழு சேர்ந்தது. பத்துக் கதவு, பதினேழு குடும்பம்.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு கடிதம் அடியும் பிள்ளை" என்றார். அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில பெயர்கள் விடுபட்டன என்று. அந்த வரியை அடிக்கும்போது சுகமாக இருந்தது. கோளாறு என்றால் மழை பெய்த மாதிரி, அதை யாரும் செய்ததில்லை.

இரண்டு கிழமை முடிவதற்குள் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். நிலம் அளப்பவர்கள் வருவதற்கு முன்பே அப்பா பேர் வந்துவிட்டது. சனிக்கிழமை நான் போனபோது அம்மா படியிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மக கொழும்போட சண்ட போட்டு எங்க பேரப் போட்டுட்டா" என்று பக்கத்துக் காம்பராவைப் பார்த்துச் சொன்னாள். எதிர்க் காம்பராக்காரி வெளியே வந்து என் முகத்தைத் தடவினாள். அண்ணி இஸ்தோப்பில் தன் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அடுப்பை அணைத்த நாளிலிருந்து அம்மாவும் அவளும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

உள்ளே போனதும் சொன்னேன்.

"அம்மா, பேரு போனதுக்கு அண்ணி காரணமில்ல. நான்தான். நான் எழுதுன புரோகிராம்லதான் தப்பு."

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒங்கண்ணன் இப்பிடிச் சொல்லச் சொன்னானா?"

"யாரும் சொல்லலம்மா. ஒரே நம்பர்ல ரெண்டு குடும்பம் வந்தா, பின்னால வர்றது முன்னால இருக்கிறத அழிச்சிரும். நான் அப்பிடி எழுதிட்டேன்."

"அதத்தானடி நானும் சொல்றேன்" என்றாள் அம்மா. "பின்னால வந்தவ முன்னால இருந்தவள அழிச்சிட்டா. நீ போயி மறுபடி எழுதிட்டு வந்திருக்க."

அடைப்பு, நம்பர், உடல் என்று எதைச் சொன்னாலும் அவள் காதில் அண்ணிதான் விழுவாள். எங்கிருந்து தொடங்குவது, எந்தச் சொல்லில் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. கை கழுவ வெளியே வந்தேன். அண்ணி தண்ணீர் ஊற்றினாள்.

"தப்பு என்னோடதுதாங்க அண்ணி" என்றேன். "அன்னிக்குப் பேசுனதுக்கும் மன்னிச்சிக்கங்க. அம்மாகிட்ட சொன்னேன், நம்பல."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். "நாலு பேரு இருக்கும்போது சொல்லுங்க. லயமே கேட்டுச்சில்ல அன்னிக்கு."

"சொல்றேன்" என்றேன்.

உள்ளே எதிர்க் காம்பராக்காரி வந்து உட்கார்ந்திருந்தாள், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா எனக்குச் சோறு போட்டபடி, கொழும்பில் இருக்கிறவனை நான் எப்படியெல்லாம் அதட்டினேன் என்று நான் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று படுத்த அப்பா முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் போதும். நாலு பேர் என்ன, ஐந்து பேர் இருந்தார்கள்.

எனக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு சேலைதான். நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். பேசாததும் கேட்டிருக்கும். அம்மா இன்னொரு அகப்பை சோறு போட்டாள், சாப்பிட்டேன்.